பட்டியலில் தவறிய பெயர்

கணக்கை எழுதுவதிலும் எழுதிய கணக்கைக் காப்பதே அரிய செயல். கல்முனைக் கடைத்தெரு வணிகரின் பற்றுவரவும், மருதமுனை நெசவாளரின் நூற்கணக்கும், பள்ளிவாசலின் சந்தாப் பட்டியலும் முன்பு பேரேடுகளில் வாழ்ந்தன. இன்று அவற்றுட் பல கணினியின் விரிதாளிற் குடியேறிவிட்டன. பேரேடு ஒன்றே ஒன்றாக இருந்தது. விரிதாளோ நொடிப்பொழுதில் நூறு படிகளாகப் பெருகுகின்றது. அந்த நூறில் மெய்யானது எது? இதனையே இங்கு நாம் ஆராயப் புகுகின்றோம்.

1979ஆம் ஆண்டில் டான் பிரிக்ளின், பொப் பிராங்ஸ்டன் என்னும் அமெரிக்கர் இருவர் 'விசிகால்க்' என்ற விரிதாளை உருவாக்கினர். ஒரு கலத்தில் ஓர் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த தொகைகள் யாவும் தாமே மாறிய விந்தையைக் கண்டு வணிக உலகம் வியந்தது. இன்று எங்கும் பரவியுள்ள எக்செல் 1985இல் வெளிவந்தது.

பட்டியல் ஒன்றின் அருமையை நமது கரையோரம் கண்ணீருடன் கற்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். காணாமற் போனோர் யார், எந்த முகாமில் எவர் உள்ளார், எங்கே என்ன உதவி தேவை என்பன உயிர் வினாக்களாயின. ஒவ்வொருவரும் தனித்தனிப் பட்டியல் வைத்திருந்தால் ஒரே குடும்பம் இரு முறை எழுதப்படலாம். மற்றொரு குடும்பம் எதிலும் எழுதப்படாமலே போகலாம். இக்குறையை நீக்க, இலங்கையின் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாக ஒன்றுகூடி, சில நாள்களிலேயே 'சகன' என்னும் பொதுப் பதிவேட்டு மென்பொருளை ஆக்கத் தொடங்கினர். சிங்கள மொழியில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. பலரும் ஒரே ஏட்டில் எழுதவேண்டும் என்பதே அதன் அடிப்படை.

சேமிக்கும் முறை பிழைத்தாலும் கேடு விளையும். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கொரோனா நோயாளர் விவரங்களைப் பழைய எக்செல் வடிவிற் சேமித்தது. அவ்வடிவிலே 65,536 நிரைகளுக்கு மேல் இடமில்லை. எஞ்சியவை சத்தமின்றி விடுபட்டன. 15,841 நோயாளர் அன்றாடக் கணக்கில் இடம்பெறவில்லை. அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரிப்பதும் தாமதமாயிற்று. புதிய வடிவிலோ 10,48,576 நிரைகள் உள்ளன.

நம் வீட்டு விரிதாளிலும் இத்தகைய பொறிகள் உண்டு. தொலைபேசி எண்ணை எண்ணாகவே எழுதினால் முன்னிற்கும் சுழியம் மறைந்துவிடும். கலத்தை முதலில் உரை வடிவாக்கல் வேண்டும். பாமினி எழுத்துருவில் எழுதிய பெயர்கள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்க் காட்சி தரும். யுனிகோட் தமிழே எங்கும் செல்லும். சீஎஸ்வீ என்னும் எளிய வடிவிற் சேமித்தால் சூத்திரங்கள் அழிந்து விடைகள் மட்டுமே எஞ்சும்; ஒரு தாள் மட்டுமே தங்கும்.

பகிர்வதற்கும் ஒழுங்கு உண்டு. வாட்ஸ்அப்பில் ஐவருக்குக் கோப்பை அனுப்பி, ஐவரும் திருத்தித் திருப்பினால், ஐந்து உண்மைகள் பிறக்கும். இணையத்தில் ஒரே கோப்பை வைத்து, சிலருக்குத் திருத்தும் உரிமையும் ஏனையோர்க்குப் பார்க்கும் உரிமையும் அளிப்பதே நன்று. அது இயலாவிடின் ஒருவரே திருத்துபவராக இருக்கட்டும். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி நிற்கட்டும். வேறோர் இடத்தில் ஒரு படி எப்போதும் இருத்தல் வேண்டும். வெள்ளம் வந்தால் மேசையிலுள்ள கணினியும் அலுமாரியிலுள்ள பேரேடும் ஒருங்கே நனையும் அன்றோ?

உதவி பெறும் விதவையர், வறியோர் ஆகியோரின் பெயர்ப்பட்டியல் ஊரெங்கும் உலாவத் தக்கதன்று. கொடுப்பவரின் வலக்கை அறிவதை இடக்கை அறியலாகாது என்னும் நம் மரபு விரிதாளுக்கும் பொருந்தும். தேவையானவருக்கு மட்டும், தேவையான நிரல்களை மட்டும் அனுப்புக.

மாணவர்களே, பாடசாலையில் விரிதாளின் சூத்திரங்களைக் கற்கும்போது இதனையும் உடன் கற்பீராக. நிரை ஒவ்வொன்றின் பின்னும் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் பெயர் தவறாமற் காப்பதே கணக்கறிவின் முதற் கடமை.