திரையில் சைரன், நெஞ்சில் படபடப்பு

கணினி பழுதாகிவிட்டது என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்தால், அது மெய்யா பொய்யா என்று மூளை ஆராய்வதற்குள் உடம்பு அதை நம்பிவிடுகிறது. சிவப்பு வெளிச்சம், காதைத் துளைக்கும் ஒலி, "உங்கள் வங்கி விவரங்கள் திருடப்படுகின்றன" என்ற குரல். உடனே அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. யேல் பல்கலைக்கழக நரம்பியல் அறிஞர் ஏமி ஆர்ன்ஸ்டென் 2009-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு இங்கே பொருந்தும். நம் கட்டுப்பாட்டில் இல்லாத மனஅழுத்தம் சிறிதளவே ஆனாலும், யோசித்து முடிவெடுக்கும் மூளையின் முன்புறப் பகுதியின் திறனை வேகமாகக் குறைத்துவிடும் என்கிறது அது. போலி எச்சரிக்கை குறிவைப்பது கணினியை அல்ல, நம் நிதானத்தைத்தான். அதனால் இதை உடல்நலப் பிரச்சினையாகவும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அறிவிப்பு நம்மிடம் என்ன கேட்கிறது?

உண்மையான பழுது அறிக்கை நம்மிடம் எதையும் கேட்டு நச்சரிப்பதில்லை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் "அறிக்கையை அனுப்பவா, வேண்டாமா" என்று ஒரு சிறு பெட்டி கேட்கும். எதை அழுத்தினாலும் அத்தோடு முடிந்தது. ஆப்பிள் கணினியில் ஒரு செயலி திடீரென நின்றுபோனால் வருவதும் அதே மாதிரியான பெட்டிதான். அறிக்கை போய்ச் சேரும் இடம் நிறுவனத்தின் சர்வர். என்ன கோளாறு என்பதைப் பொறியாளர்கள் அதிலிருந்தே படித்துக்கொள்வார்கள். நாம் யாருக்கும் போன் செய்யத் தேவையே இல்லை. தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாப்ட் நிறுவனமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இதற்குப் பெரிய சான்று 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும், விண்டோஸ் முடங்கும்போது வரும் நீலத்திரை. அந்த உண்மையான திரைகளில் பிழைக்குறியீடு இருந்தது; அழைக்கச் சொல்லி எண் இல்லை. உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டு அழைத்தவர்களிலும் மின்னஞ்சல் அனுப்பியவர்களிலும் அந்தக் குழப்பத்தில் நுழைந்த மோசடிக்காரர்கள் இருந்தார்கள்.

நிறத்தையும் சின்னத்தையும் வைத்து முடிவு செய்வது ஆபத்து. விண்டோஸ் 11-இல் 2025-இல் நீலத்திரையே கறுப்பாகிவிட்டது. மோசடிக்காரர்களோ போலித் திரையை எந்த நிறத்திலும் வரைந்துகொள்ளலாம். ஆனால் ஒன்றை அவர்களால் மறைக்க முடியாது. உண்மையான நீலத்திரை வரும்போது கணினியே நின்றுபோயிருக்கும், மவுஸ் அசையாது. "விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி இதை ஒட்டுங்கள்" என்று ஒரு திரை கட்டளையிட்டால், கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். நாம் பார்ப்பது முழுத்திரையாக விரித்த வெறும் இணையப் பக்கம். எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அது சுருங்கும். இல்லையென்றால் ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்தி பிரௌசரை மூடிவிடலாம்.

"அணைக்காதீர்கள் என்று உண்மையிலும் வருகிறதே?"

நியாயமான கேள்வி. அப்டேட் நடக்கும்போது விண்டோஸே அப்படிச் சொல்கிறது. ஆனால் அது காத்திருக்கச் சொல்கிறது; போலி அவசரப்படச் சொல்கிறது. சந்தேகம் வந்தால் அணைக்கவும் வேண்டாம், அழைக்கவும் வேண்டாம். ஒலியை நிறுத்திவிட்டு, எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். படபடப்பு தணியச் சில நிமிடம் போதும். உண்மையான பழுது அதுவரை காத்திருக்கும்.

முதியவர்கள்தான் இதில் சிக்குவார்கள், நமக்கென்ன என்பது இன்னொரு வாதம். மைக்ரோசாப்ட் 2021-இல் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அதில் பங்கேற்ற இந்தியர்களில் 69 சதவீதத்தினர் இத்தகைய மோசடியை எதிர்கொண்டிருந்தார்கள். 31 சதவீதத்தினர் பேச்சைத் தொடர்ந்து பணம் இழந்திருந்தார்கள். இங்கே அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் 24 முதல் 37 வயதுக்காரர்கள். கணினி தெரிந்தவருக்கும் பயம் பயம்தான்.

ஏற்கெனவே அழைத்துவிட்டால்

தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலி வழியாக யாரையாவது உள்ளே விட்டிருந்தால், முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். மோசடிக்காரர்கள் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து வரிசையாகப் பிழைகளைக் காட்டியிருப்பார்கள். நல்ல நிலையில் உள்ள கணினியிலும் அந்தப் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும், கலங்க வேண்டாம். பணம் போயிருந்தால் பலர் வெட்கத்தில் வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் தூக்கமின்றித் தவிக்கிறார்கள். அந்த மௌனம் உடம்பையும் கெடுக்கிறது, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பையும் கெடுக்கிறது. இந்தியாவில் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் தகவல் போகிறதோ, பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.