ஒரு கட்டளையில் நாற்பது கணினிகள்

வன்னிப் பெருநிலப்பரப்பிற் கணினிக் கல்வி வேரூன்றி வருகின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இயங்குகின்றது. வவுனியாவில் இருந்த அப்பல்கலைக்கழகத்தின் வளாகம் 2021 ஆகஸ்ட் 1ஆம் நாள் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மாங்குளத்திலும் துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் பயிலும் மாணவர் அவ்விடங்களை அடைவதற்கு முதற்படியாவது அவர்தம் பாடசாலையின் கணினி ஆய்வுகூடமே.

நாற்பது கணினிகள் கொண்ட ஓர் ஆய்வுகூடத்தில், தமிழ்த் தட்டச்சுக்குரிய ரெங்கநாதன் விசைப்பலகைப் பொதியை நிறுவ வேண்டியுள்ளது எனக் கொள்வோம். ஒரு கணினிக்குப் பத்து நிமிடமாயின் மொத்தம் நானூறு நிமிடம். ஏறத்தாழ ஏழு மணித்தியாலம். ஆசிரியர் ஒருவரே உள்ள இடத்தில் இஃது ஒரு நாட்பாடத்தை விழுங்கிவிடும். இதற்கு மாற்றாக அமைந்ததே ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளைத் தொடர். செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதி, ஆசிரியரின் கணினியிலிருந்து வலையமைப்பின் வழியே ஏனையவற்றிற்கு ஏவிவிடலாம்.

ஆயினும், ஏவிய கட்டளை எல்லாக் கணினிகளிலும் நிறைவேறுவதில்லை. முப்பது பணியும், பத்து வாளாவிருக்கும். குளத்து நீர் கடைவயலுக்கு வராவிடில், அறிவுள்ள கமக்காரன் வயலைக் குறை கூறுவதில்லை. துருசிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து, நீர் எங்கே நின்றதென்று பார்க்கின்றான். இங்கும் அம்முறையே பொருந்தும்.

முதலிற் பார்க்க வேண்டியது கணினியை அடைய முடிகின்றதா என்பது. அதற்கு மின்சாரம் உண்டா, வலைக்கம்பி பொருந்தியுள்ளதா, பட்டியலில் எழுதிய பெயர் சரிதானா என நோக்குக. 'பிங்' என்னும் அழைப்புக்கு விடை வராமையால் மட்டும் கணினி இயங்கவில்லை எனத் துணிதல் கூடாது. தீச்சுவர் அவ்வழைப்பைத் தடுத்திருக்கலாம். கோப்புப் பகிர்வுக்கு 445ஆம் வாயிலும், பவர்ஷெல் வழியான தொலைக்கட்டளைக்கு வழக்கமாக 5985ஆம் வாயிலும் திறந்திருத்தல் வேண்டும். இவற்றை ஆசிரியரின் கணினிக்கு மட்டும் திறந்துவிடுதல் போதும். தீச்சுவர் முழுவதையும் அகற்றுவது, ஒரு மாட்டை உள்ளே விடுவதற்காக வேலி முழுவதையும் பிடுங்குவது போலாகும்.

அடுத்தது அதிகாரம். சிறு ஆய்வுகூடங்களிற் பெரும்பாலும் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிக் கணக்குகளே இருக்கும். அத்தகைய நிருவாகிக் கணக்கொன்று தொலைவிலிருந்து நுழையும்போது, விண்டோஸ் அதன் அதிகாரத்தைக் குறைத்துவிடுவது வழக்கம். கடவுச்சொல் சரியாக இருந்தும் அனுமதி மறுக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவ்விரண்டும் செவ்வனே இருந்தும் பணி நடவாவிடின், மயக்கம் மிகுதியாகும். கணினியின் முன் அமர்ந்து செய்தால் நிறைவேறுவது, தொலைவிலிருந்து ஏவினால் நிறைவேறாது. இதற்குச் சிறப்பாக இரு காரணங்கள் உண்டு. ஒன்று, நிறுவற் பொதி மூன்றாவது கணினியொன்றின் பகிர்ந்த கோப்புறையில் இருத்தல். ஆசிரியரின் அடையாளம் மாணவர் கணினி வரை செல்லும். அங்கிருந்து மூன்றாவது கணினிக்கு மீண்டும் கொண்டு செல்லப்படுவதில்லை. ஆகவே பொதியை முன்கூட்டியே ஒவ்வொரு கணினியிலும் பிரதி செய்துவிட்டு, அங்குள்ள பிரதியையே இயக்குதல் நன்று. மற்றொன்று, நிறுவி ஒரு கேள்வி கேட்டு, விடைக்காகக் காத்திருத்தல். அக்கேள்வி எவர் திரையிலும் தோன்றாது. எனவே 'ஆம்' எனச் சொல்வாரின்றிப் பணி முடிவின்றி நிற்கும். கேள்வி கேளாமல் நிறுவுவதற்குரிய குறியீட்டைக் கட்டளையிற் சேர்ப்பதே இதற்குப் பரிகாரம். விண்டோஸ் நிறுவிப் பொதிகளுக்கு அது '/கியூஎன்' என்பதாகும்.

பணி முடிந்ததும் நிறுவி ஓர் எண்ணைத் திருப்பித் தருகின்றது. 0 என்பது வெற்றி. 3010 என்பதும் வெற்றியே. ஆயினும் கணினியை மீளத் தொடக்க வேண்டும். 1618 என்றால் வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கின்றது. சற்றுப் பொறுத்து மீண்டும் ஏவலாம். 1619 என்றால் பொதியைத் திறக்க இயலவில்லை. மேற்கூறிய பகிர்வுத் தடையை முதலில் ஐயுறுக. 1603 என்பது பொதுவான தோல்வி. அதன் காரணத்தை நிறுவியின் பதிவுக் கோப்பிலேயே தேட வேண்டும். கட்டளைத் தொடர் இவ்வெண்களைக் கணினியின் பெயரோடும் நேரத்தோடும் எழுதி வைக்குமாறு அமைத்தால், நாற்பதில் எந்தப் பத்து தவறின, எதனால் தவறின என்பது ஒரே பார்வையிற் புலனாகும்.

இவை அனைத்துக்கும் மேலான விதி ஒன்றுண்டு: முதலில் ஒரு கணினியிற் செய்து பார், பின்னர் ஐந்தில், அதன் பின்னரே அனைத்திலும். 2024 ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பொன்று, மைக்ரோசொப்ட்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. விமானப் பயணங்கள் தடைப்பட்டன, மருத்துவமனைகள் இடர்ப்பட்டன. பிழை சிறிது நேரத்திலேயே திருத்தப்பட்டபோதிலும், வீழ்ந்த கணினிகளுட் பலவற்றை ஆட்கள் நேரிற் சென்று ஒவ்வொன்றாக மீட்க நேர்ந்தது. ஒரு கட்டளை பலருடைய உழைப்பை மிச்சப்படுத்த வல்லது. தவறினால் அவ்வுழைப்பைப் பன்மடங்காக்கவும் வல்லது.

பரீட்சைக்கு முன்வாரத்தில் கணினி நிபுணரொருவர் ஏ9 வீதி வழியே வந்து சேரும்வரை காத்திருக்கும் நிலை பல பாடசாலைகளுக்கு உண்டு. வழியைப் படிப்படியாகச் சோதித்து, எண்ணைப் படித்து, பதிவை நோக்கும் பழக்கம் ஆசிரியரிடத்து அமையுமாயின், அக்காத்திருப்பிற் பெரும்பகுதி குறையும். அதனை அவர் உயர்தர மாணவர் இருவருக்கேனும் கற்பித்துவிட்டால், அவர் இடமாற்றம் பெற்றுச் சென்ற பின்னும் ஆய்வுகூடம் பூட்டிக் கிடவாது.