உணவு நிறுவனங்களுடன் அரசின் தொடர்புகளும் ஆவணங்களைப் பெறும் உரிமையும்

உணவு, குளிர்பான நிறுவனங்களுக்கும் அரசு அதிகாரிகளுக்கும் இடையே நடக்கும் கடிதப் போக்குவரத்து, மின்னஞ்சல், சந்திப்புக் குறிப்பு, ஒப்பந்தம் முதலியவை பல நாடுகளில் அரசு ஆவணங்களாகக் கருதப்படுகின்றன. சட்டம் விலக்கு அளித்த பகுதிகளைத் தவிர, மற்றவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. இந்த உரிமை எவ்வாறு பயன்பட்டது, எங்கே தடைப்பட்டது என்பதற்கு அமெரிக்காவின் அனுபவம் தெளிவான எடுத்துக்காட்டு.

ஏன் முக்கியம்?

ஒரு நாளைக்கு எவ்வளவு சர்க்கரை உண்ணலாம், உணவுப் பொட்டலத்தில் என்ன அச்சிட வேண்டும், பள்ளியில் எதை விற்கலாம் என்பவற்றை முடிவு செய்வது அரசு. அந்த முடிவால் விற்பனை கூடலாம் அல்லது குறையலாம். ஆகவே நிறுவனங்கள் தங்கள் கருத்தை அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்வது இயல்பு. அது தவறும் அன்று. ஆனால் மக்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டியவர், அந்த அறிவுரையால் பாதிக்கப்படும் நிறுவனத்துக்கே வழிகாட்டினால், அதை மக்கள் அறிய வேண்டும். அதற்கு ஆவணம் வேண்டும்.

அமெரிக்கச் சட்டம்

அமெரிக்காவின் தகவல் சுதந்திரச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் 1966 ஜூலை 4 அன்று கையெழுத்திட்டார். அது 1967 இல் நடைமுறைக்கு வந்தது. நடுவண் அரசின் நிர்வாகத் துறைகளை இச்சட்டம் கட்டுப்படுத்தும். நாடாளுமன்றத்தையும் நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தாது. அமெரிக்கக் குடிமகன் அல்லாதவரும் விண்ணப்பிக்கலாம். எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 20 வேலை நாள்களுக்குள் துறை பதில் தர வேண்டும் என்பது பொது விதி. மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம்; அதன் பின் நீதிமன்றம் செல்லலாம். மாநில அரசுகளுக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் தனித்தனி மாநிலச் சட்டங்கள் உள்ளன.

கோகோ கோலா மின்னஞ்சல்கள்

உடல் பருமன் பற்றிய ஆய்வுக்காக உலக ஆற்றல் சமநிலை வலையமைப்பு என்ற குழு அமெரிக்காவில் இயங்கியது. உணவைக் குறைப்பதைவிட உடற்பயிற்சியையே அது வலியுறுத்தியது. அதற்குக் கோகோ கோலா நிறுவனம் பணம் தந்ததை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2015 ஆகஸ்டில் வெளியிட்டது. பின்னர் கொலராடோ பல்கலைக்கழகத்திடமிருந்து அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் கேட்டுப் பெற்ற மின்னஞ்சல்கள், குழுவை அமைப்பதில் நிறுவனத்துக்கு இருந்த பங்கைக் காட்டின. பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் குழு கலைக்கப்பட்டது.

அடுத்து வெளிவந்தவை நடுவண் அரசின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையத்தின் மின்னஞ்சல்கள். கலிபோர்னியாவைச் சேர்ந்த யு.எஸ். ரைட் டு நோ என்ற தன்னார்வ அமைப்பு இவற்றைப் பெற்றது. ஒருவர் எடுத்துக்கொள்ளும் மொத்த ஆற்றலில் சேர்க்கப்பட்ட சர்க்கரை போன்றவற்றின் பங்கு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015 மார்ச்சில் பரிந்துரைத்திருந்தது. கோகோ கோலாவின் முன்னாள் துணைத்தலைவர் அலெக்ஸ் மலாஸ்பினா, அந்நிறுவனத்தின் நிலைப்பாட்டை மாற்றச் செய்ய வழி தேடினார். மையத்தின் இதயநோய், பக்கவாதத் தடுப்புப் பிரிவுத் தலைவர் அவருக்கு யோசனை கூறியது மின்னஞ்சல்களில் தெரிந்தது. 2016 இல் இது செய்தியானது. அதே ஆண்டில் அவர் பணியிலிருந்து விலகினார்.

மையத்திடமிருந்து பெற்ற மின்னஞ்சல்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019 இல் மில்பாங்க் குவாட்டர்லி இதழில் வெளியானது. அதிகாரிகளை நெருங்குவது, கொள்கை வகுப்போரிடம் செல்வாக்குத் தேடுவது, உடல் பருமனுக்கான பழியை இனிப்புப் பானங்களிலிருந்து வேறு பக்கம் திருப்புவது ஆகிய நோக்கங்கள் அவற்றில் தெரிவதாகக் கட்டுரை கூறியது. இதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பல்கலைக்கழகங்களிடம் பெற்ற 87,000 க்கும் மேற்பட்ட பக்கங்களை அலசியது. காரணம் சொல்லாமலேயே ஆய்வை இடையில் நிறுத்தும் உரிமையை நிறுவனத்துக்குத் தரும் விதிகள் சில ஒப்பந்தங்களில் இருந்ததை அது காட்டியது.

எதைத் தர மறுக்கலாம்?

அமெரிக்கச் சட்டத்தில் ஒன்பது விலக்குகள் உள்ளன. இத்துறையில் அடிக்கடி எழுபவை மூன்று. நான்காம் விலக்கு வணிக இரகசியத்தையும், ஐந்தாம் விலக்கு முடிவெடுக்கும் முன் துறைக்குள் நடக்கும் கலந்தாய்வையும், ஆறாம் விலக்கு தனி மனிதரின் அந்தரங்கத்தையும் காக்கின்றன. விலக்குக்குரிய வரிகளைக் கறுப்பு மையிட்டு மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும்.

நான்காம் விலக்கின் எல்லையை ஒரு வழக்கு விரிவாக்கியது. தெற்கு டகோட்டாவின் ஆர்கஸ் லீடர் நாளிதழ், ஏழைகளுக்கான உணவு உதவித் திட்டத்தில் ஒவ்வொரு கடையும் பெற்ற தொகையை வேளாண் துறையிடம் கேட்டது. கடைக்காரர்கள் சங்கம் எதிர்த்தது. அதுவரை, வெளியிட்டால் நிறுவனத்தின் போட்டி நிலைக்குப் பெரும் பாதிப்பு வரும் என்று காட்டினால்தான் மறுக்க முடியும் என்ற அளவுகோல் இருந்தது. 2019 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் 6–3 என்ற பெரும்பான்மையில் அதைக் கைவிட்டது. உரிமையாளர் வழக்கமாக இரகசியமாக வைத்திருந்து, இரகசியம் காக்கப்படும் என்ற உறுதியின் பேரில் அரசிடம் கொடுத்த வணிகத் தகவலுக்கு விலக்கு உண்டு என்றது. பொதுப் பணம் எந்தக் கடைக்கு எவ்வளவு சென்றது என்பதை அறிவது இதனால் கடினமாயிற்று.

கேட்காமலே வெளியிடுதல்

விண்ணப்பம், காத்திருப்பு, வழக்கு என்ற பாதை நீளமானது. எனவே சில அரசுகள் சந்திப்புப் பட்டியலைத் தாமே வெளியிடுகின்றன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தன் உயர் அதிகாரிகள் வெளியாரைச் சந்திக்கும் நாள்குறிப்பை வெளியிடுகிறது. ஐரோப்பிய ஆணையர்கள் நிறுவனப் பிரதிநிதிகளுடனான சந்திப்புகளை 2014 டிசம்பர் முதல் இணையத்தில் இடுகிறார்கள். யார் யாரைச் சந்தித்தார் என்பதை இப்பட்டியல் சொல்லும். என்ன பேசினார்கள் என்பதை அறியக் குறிப்புகளைத்தான் கேட்க வேண்டும்.

இந்தியாவில்

தமிழ்நாடு 1997 இலேயே தகவல் உரிமைக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இல் வந்தது. "தகவல்" என்பதன் வரையறையிலேயே மின்னஞ்சல், ஆலோசனை, ஒப்பந்தம் ஆகியவை பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளன. குடிமக்கள் விண்ணப்பிக்கலாம், நடுவண் துறைகளுக்குக் கட்டணம் 10 ரூபாய், 30 நாள்களில் பதில் தர வேண்டும். வணிக இரகசியத்துக்குப் பிரிவு 8(1)(ஈ) விலக்கு அளிக்கிறது. எனினும் பெரும் பொதுநலன் இருந்தால் வெளியிடலாம் என்று அதே பிரிவு கூறுகிறது. சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு முன்னறிவிப்புத் தந்து அதன் கருத்தைக் கேட்கப் பிரிவு 11 வழி செய்கிறது. ஆனால் முடிவெடுப்பவர் பொதுத் தகவல் அலுவலரே.

ஆவணத்தைப் படிக்கும்போது

ஒரு மின்னஞ்சல் கிடைத்துவிட்டது என்பதாலேயே குற்றம் உறுதியாகிவிடாது. யார் எழுதினார், என்ன கேட்டார், அதன் பின் அரசின் முடிவு மாறியதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். தொலைபேசிப் பேச்சு எழுத்தில் பதிவாகாமல் போகலாம். விண்ணப்பத்தில் அலுவலகம், அதிகாரியின் பதவி, நிறுவனத்தின் பெயர், காலவரம்பு ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டால் தேடுவது எளிது. "எல்லா ஆவணங்களும் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் காலதாமதத்துக்கே இடமாகும்.