படுக்கையில் குத்துச்சண்டை!

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நோயாளி கையை ஓங்கிக் குத்துகிறார். எதிரே டெலிவிஷன் திரையில் ஒரு பொம்மை வீரனும் அதே குத்தை விடுகிறான்!

இது விளையாட்டுத்தான், வைத்தியமும்கூட. அமெரிக்காவில் பால்டிமோர் நகர ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், "நின்டெண்டோ வீ" என்ற கருவியை நோயாளிகள் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். கை அசைந்தால் திரையில் உள்ள உருவமும் அசையும். 22 பேர் மொத்தம் 42 தடவை விளையாடினார்கள். சிலர் செயற்கை சுவாசக் கருவியோடு! குத்துச்சண்டைக்குத்தான் கிராக்கி அதிகம். விபரீதம் எதுவும் நேரவில்லை என்று 2012-ல் டாக்டர்கள் எழுதினார்கள்.

"உயிருக்குப் போராடுகிறவருக்கு விளையாட்டா? அலுங்காமல் படுத்திருந்தால்தானே உடம்பு தேறும்?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள்.

கரையும் சதை

கடும் நோயோடு அசையாத படுக்கையும் சேர்ந்தால் சதை மளமளவென்று கரைகிறது. இங்கிலாந்தில் 63 நோயாளிகளை ஆராய்ந்து, 2013-ல் கணக்கு வெளியிட்டார்கள். பத்தே நாளில் முன்தொடைத் தசையின் பருமன் 100-க்குச் சுமார் 18 பங்கு குறைந்துவிட்டது. உயிர் பிழைத்து வீடு திரும்பியவர் மாடிப்படி ஏறத் திண்டாடுவது இதனால்தான். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் எப்படியோ சமாளிப்பார். மூட்டை தூக்கிப் பிழைப்பவர் என்ன செய்வார்?

சிகாகோவிலும் அயோவாவிலும் சுவாசக் கருவியில் இருந்த 104 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. சீக்கிரமே உடற்பயிற்சி தொடங்கியவர்களில் 100-க்கு 59 பேர், ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது தாமாக நடந்தார்கள். தம் காரியங்களைத் தாமே செய்துகொண்டார்கள். மற்றவர்களில் 35 பேர்தான். இது 2009-ல் வெளிவந்த முடிவு.

ஆனால் "கையைத் தூக்குங்கள், மடக்குங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் யாருக்கும் சலிப்புத் தட்டும். வலி வேறு. விளையாட்டு அதை மறக்கடிக்கிறது. சியாட்டில் நகரில் தீக்காயம் பட்டவர்களுக்குக் கண்ணை மறைக்கும் கருவி ஒன்றை மாட்டினார்கள். அதற்குள்ளே பனிமலை! எல்லாம் கம்ப்யூட்டர் காட்டும் மாயம். பனிப்பந்து எறிவதில் மனம் போய்விட, வலி குறைவாகத் தெரிந்தது.

அளவு உண்டு

மருந்தைப் போல இதற்கும் அளவு உண்டு. ஆறு நாடுகளில் 750 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2022-ல் வந்தது. வழக்கத்தைவிட அதிகமாகப் பயிற்சி தந்ததில் கூடுதல் பலன் இல்லை. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தக் கோளாறு போன்ற தொல்லைகள்தான் கூடின. விளையாடினால் சீக்கிரம் குணமாகுமா என்பதையும் பால்டிமோர் டாக்டர்கள் சோதிக்கவில்லை.

"எப்போது உட்காரவைக்கலாம்?" என்று ஐ.சி.யு. வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். பாசத்தில் தாங்களே தூக்கி நிமிர்த்திவிடக் கூடாது. சுவாசக் குழாய் கழன்றுவிடக்கூடும்.