கட்டி போலத் தோன்றும், ஆனால் கட்டியல்ல

"மூளையில கட்டி இருக்கு" என்று கேட்டதுமே ஒரு குடும்பம் இடிந்துபோகிறது. பாண்டுப்பில் ரயிலேறிப் பரேல் போய்ச் சேருமுன்பே ஆபரேஷனா, கதிர்வீச்சா, ஊருக்குச் சொல்வதா என்று மனம் அலைபாயும். ஆனால் ஸ்கேனில் பெரிதாகத் தெரிவதெல்லாம் கட்டியல்ல.

நம் நரம்பிழைகளை மயலின் என்னும் கொழுப்பு உறை மூடியிருக்கிறது, மின்கம்பியின் மேலுறை மாதிரி. சிலருக்கு உடலைக் காக்க வேண்டிய அணுக்களே இந்த உறையைத் தாக்கி அழிக்கின்றன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் இப்படி உண்டாகும் புண்கள் பெரும்பாலும் சிறியவை. அபூர்வமாக ஒரு புண் 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்து கட்டியைப் போலவே தோன்றும். தலைவலி, வாய் குழறல், ஒருபக்கம் கை கால் பலவீனம், வலிப்பு என அறிகுறிகளும் அப்படியே இருக்கும். அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் ஜான் கெப்பஸ் 1993-ல் இத்தகைய 31 பேரைப் பற்றி எழுதினார்.

பிரித்தறிவது எப்படி? மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில், கட்டியின் விளிம்பு பலசமயம் முழு வளையமாகத் தெரியும். உறை அழற்சியிலோ அது பிறைபோல ஒருபக்கம் திறந்திருக்கலாம். புண்ணின் அளவுக்குச் சுற்றிலும் வீக்கமும் குறைவாக இருக்கும். நம் நாட்டில் காசநோய்க் கட்டி, நாடாப்புழுக் கட்டி ஆகியவையும் வளையமாகத் தெரியும் என்பதால், அவற்றையும் பார்த்தாக வேண்டும். தண்டுவட ஸ்கேனும் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும் உதவும். அப்படியும் தெளியாவிட்டால் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். மைக்ராஸ்கோப்பிலும் இது கட்டிபோல ஏமாற்றக்கூடும். அதனால் ஸ்கேன் விவரமும் நோய் வரலாறும் அந்தப் பரிசோதனைச் சாலைக்குப் போய்ச் சேர வேண்டும்.

உறை அழற்சி என்று உறுதியானால், மீதைல்பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டை வழக்கமாக 3 முதல் 5 நாள் டிரிப்பில் ஏற்றுவார்கள். பலருக்கு நல்ல குணம் தெரியும். கேட்காவிட்டால் ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவதுண்டு. "ஸ்டீராய்டு போட்டுப் பார்ப்போமே" என்று நாமாக அவசரப்படக் கூடாது. லிம்போமா என்னும் புற்றுநோயும் ஸ்டீராய்டில் தற்காலிகமாகச் சுருங்கி, உண்மையை மறைத்துவிடும். மறுபக்கம், உறை அழற்சிக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் கேடுதான்.

ஆகவே பழைய ஸ்கேன்களைத் தேதி வாரியாகப் பத்திரப்படுத்துங்கள். முன்பு எப்போதாவது ஒரு கண் மங்கியதா, கை கால் பல நாள் மரத்துப்போனதா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். "டாக்டர், இது உறை அழற்சியா இருக்குமா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். சிலருக்கு இது ஒருமுறையோடு நின்றுவிடும். சிலருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாகத் தொடரும். அதனால் குணமான பிறகும் மருத்துவர் சொல்லும் காலத்தில் ஸ்கேன் எடுப்பது அவசியம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இடம்பெற்றிருப்பதையும் குடும்பத்தினர் தெரிந்துவைத்திருப்பது நல்லது.