எம்.பி. ஊருக்கு வரும் வாரம்: நம்ம மனு எந்தக் கதவைத் தட்டணும்?



"ஓட்டு வாங்கிட்டு டெல்லிக்குப் போன எம்.பி.யை இனி அடுத்த தேர்தல்லதான் பார்க்கணும்" என்று நம்ம ஊர்ப் பக்கம் பேசுவது வழக்கம். ஆனால் நாடாளுமன்றம் வருஷம் முழுக்க நடப்பதில்லை. பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம் என்று மூன்று கூட்டத்தொடர்கள்தான். 2019 முதல் 2024 வரை இருந்த 17-வது மக்களவை ஐந்து வருஷத்தில் கூடியது மொத்தம் 274 நாட்கள். கணக்குப் போட்டால் வருஷத்துக்கு சுமார் 55 நாள்.

மீதி நாட்களில் எம்.பி.க்கு இருக்கும் முக்கியமான வேலை தொகுதி வேலை. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இதற்கென்றே சில வாரங்களை ஒதுக்கி, நாட்காட்டியில் தனி நிறத்தில் குறித்து விடுகிறார்கள். நம்ம நாட்டில் அப்படி விதித்த வாரம் கிடையாது. கூட்டத்தொடர் இல்லாத வாரங்களில் எம்.பி.க்கள் தொகுதிக்கு வருகிறார்கள். அந்த வாரத்தில் நம்ம குழுப் பெண்கள் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று இந்த இதழில் பார்ப்போம். தப்பான இடத்தில் கொடுத்த மனுவால் நமக்குக் கூலியும் போகும், காலமும் போகும்.

யாரிடம் எதைக் கேட்பது?

தமிழ்நாட்டில் 39 மக்களவைத் தொகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 6 சட்டமன்றத் தொகுதிகள். 2024 தேர்தலின்போது ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரியாக சுமார் 16 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள். இத்தனை பேரின் எல்லாக் குறையும் எம்.பி.யிடம் போனால் எதுவும் நடக்காது. அதனால் முதலில் மூன்றாகப் பிரித்துக் கொள்வோம்.

தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர், சாக்கடை, தெருவில் குப்பை - இதெல்லாம் ஊராட்சி அலுவலகம். கிராம சபையிலும் பேசலாம்.

ரேஷன் கடை, பட்டா, அரசுப் பேருந்து, மாநில அரசின் உதவித்தொகை - இதெல்லாம் மாநில அரசின் வேலை. வட்டாட்சியர் அலுவலகம், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர், அல்லது நம்ம எம்.எல்.ஏ.

ரயில்வே கேட், ரயில் நிற்கும் இடம், தேசிய நெடுஞ்சாலை, தபால் நிலையம், அரசுடைமை வங்கி, வருங்கால வைப்பு நிதி - இவை மத்திய அரசின் கீழ் வருபவை. இவற்றுக்குத்தான் எம்.பி.யின் கதவு.

தொகுதி நிதி: 5 கோடியின் கணக்கு

எம்.பி. என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தொகுதி மேம்பாட்டு நிதி. 1993 டிசம்பரில் இந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2011-12 முதல் ஒரு எம்.பி.க்கு வருஷத்துக்கு 5 கோடி ரூபாய். கொரோனா காலத்தில் 2020 ஏப்ரலில் நிறுத்தப்பட்டு, 2021 நவம்பரில் திரும்பவும் தொடங்கியது.

கேட்க 5 கோடி பெரிய தொகைதான். ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் பிரித்தால் ஒன்றுக்கு சுமார் 83 லட்சம். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 12,500 ஊராட்சிகள். அப்படியானால் ஒரு எம்.பி. தொகுதிக்குச் சராசரி 320 ஊராட்சி. எல்லாருக்கும் சமமாகக் கொடுத்தால் ஊராட்சிக்கு ஒன்றரை லட்சம் தேறும். அதில் ஒரு வகுப்பறைகூடக் கட்ட முடியாது. அதனால்தான் கேட்கிற எல்லாருக்கும் கிடைப்பதில்லை. காரணத்தோடு கேட்கிற மனுவுக்கு மதிப்பு இருக்கிறது.

இந்தப் பணம் எம்.பி.யின் கைக்கு வருவதில்லை. "இந்த ஊரில் இந்த வேலை செய்யுங்கள்" என்று அவர் பரிந்துரை மட்டும் செய்கிறார். அதைப் பரிசீலித்து அனுமதி கொடுப்பதும், வேலையை நடத்துவதும் மாவட்ட நிர்வாகம். 2023 ஏப்ரலில் வந்த புதிய விதிகளின்படி பரிந்துரையும் இணையவழியில்தான் போகிறது.

இதில் என்ன கேட்கலாம்? பொது இடத்தில், பொதுமக்கள் பயன்படுத்துகிற, நிலையான சொத்தாக இருக்க வேண்டும். குடிநீர்த் தொட்டி, பள்ளி வகுப்பறை, அங்கன்வாடிக் கட்டடம், நூலகம், சமுதாயக் கூடம், பேருந்து நிழற்குடை போன்றவை. ஒவ்வொரு வருஷ நிதியிலும் குறைந்தது 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கும் பரிந்துரைக்க வேண்டும் என்பது விதி. நம்ம ஊர் காலனியில் தண்ணீர்த் தொட்டி இல்லையென்றால் இந்த விதியை மனுவில் சொல்லியே கேட்கலாம்.

என்ன கேட்கக் கூடாது? குழுக் கடனைக் கட்டித் தரச் சொல்வது, கோயில், சர்ச், பள்ளிவாசல் வேலை, தனி ஒருவருக்கான உதவி, நிலம் வாங்குவது - இவை எதற்கும் இந்த நிதியில் இடமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மூன்று சக்கர வண்டி போன்ற கருவிகள் விதிவிலக்கு.

மாநிலங்களவை எம்.பி.க்கும் இதே நிதி உண்டு. தமிழ்நாட்டிலிருந்து 18 பேர் இருக்கிறார்கள். மாநிலத்தின் எந்த ஊருக்கும் அவர்கள் பரிந்துரைக்கலாம். இது நம்மில் பல பேருக்குத் தெரியாத விஷயம்.

பணத்தைவிடப் பெரியது, கேள்வி கேட்கும் அதிகாரம்

தொகுதி நிதியோடு எம்.பி.யின் வேலை முடிந்துவிடாது. எங்களைக் கேட்டால் அடுத்து வருகிற மூன்றும்தான் முக்கியம்.

ஒன்று, 'திஷா' கூட்டம். மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு என்பது இதன் பெயர். 2016-ல் ஏற்படுத்தப்பட்டது. மக்களவை எம்.பி. இதன் தலைவர், கலெக்டர் உறுப்பினர் செயலர். மாவட்டத்தில் ஒன்றுக்கு மேல் எம்.பி. இருந்தால் ஒருவர் தலைவர், மற்றவர்கள் இணைத்தலைவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். ஊரக வேலைவாய்ப்பு, வீடு கட்டும் திட்டம், கிராமச் சாலை, குடிநீர், முதியோர் ஓய்வூதியம், நம்ம வாழ்வாதார இயக்கம் என்று மத்திய அரசு பணம் தருகிற திட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று அதிகாரிகளை நேரில் உட்காரவைத்துக் கேட்கிற இடம் இது. "எங்க ஊர்ல வேலை செஞ்ச பெண்களுக்கு ஏழு வாரமாச் சம்பளம் வரலை" என்ற மனு இந்தக் கூட்டத்துக்கு முன்னால் எம்.பி. கைக்குப் போனால், அங்கேயே பதில் கேட்க முடியும்.

இரண்டு, வங்கிக் கூட்டம். மாவட்ட அளவிலான வங்கி மறுஆய்வுக் கூட்டம் கலெக்டர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டும். எம்.பி., எம்.எல்.ஏ.க்களை அதற்கு அழைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. நமக்கு இது எதற்கு? வாழ்வாதார இயக்கக் குழுக்களுக்கு 10 லட்சம் வரை கடன் கொடுக்கும்போது ஈடு கேட்கக் கூடாது, வைப்புத்தொகை போடச் சொல்லக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எந்தக் கிளையிலாவது "சேமிப்பை எடுக்கக் கூடாது, அப்பத்தான் கடன்" என்று சொன்னால் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை. தேதி, தொகை, சொன்ன காரணம் இவற்றை எழுதி முன்னோடி வங்கி மேலாளருக்கு ஒரு பிரதி, எம்.பி.க்கு ஒரு பிரதி கொடுங்கள்.

மூன்று, நாடாளுமன்றக் கேள்வி. மக்களவையில் ஒரு கேள்வி எழுப்ப 15 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அமைச்சர் வாயால் பதில் சொல்கிற கேள்வி ஒரு நாளைக்கு 20. எழுத்தில் பதில் வருகிற கேள்வி 230. பொதுவாக ஜனவரி கடைசி, ஜூலை, நவம்பர் கடைசி அல்லது டிசம்பரில் கூட்டத்தொடர் தொடங்கும். அதற்கு ஒரு மாதம் முன்னால் எம்.பி. ஊரில் இருக்கிற வாரம்தான் இப்படிப்பட்ட மனுவுக்கு நல்ல நேரம்.

மனு எழுதுவது எப்படி?

1. ஒரு மனுவில் ஒரே ஒரு கோரிக்கை. பத்து விஷயம் எழுதினால் பத்தும் கிடப்பில் போகும்.

2. எத்தனை குடும்பம், எவ்வளவு தூரம், எத்தனை நாளாக என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். "தண்ணீர்க் கஷ்டம்" என்பதைவிட "140 குடும்பம், ஒரே அடிபம்பு, கோடையில் ஒரு கிலோமீட்டர் நடக்கிறோம்" என்பது பேசும்.

3. இடம் கேட்கிற வேலையென்றால் அது பொது நிலம்தான் என்பதற்குச் சர்வே எண் போடுங்கள்.

4. கிராம சபைத் தீர்மானத்தின் நகலை இணையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களும் கிராம சபை நாட்கள். அன்று நம்ம குழுப் பெண்கள் எல்லாரும் போய்த் தீர்மானம் போட வைத்தால், அது குழுவின் கோரிக்கையாக இல்லாமல் ஊரின் கோரிக்கையாகி விடும்.

5. தனித்தனியாகப் போகாமல் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு வழியாகக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். எம்.பி. ஊருக்கு வரும் நாளைத் தொகுதி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். திறப்பு விழாக் கூட்டத்தில் நெருக்கியடித்துக் கொடுப்பதைவிட அலுவலகத்தில் கொடுப்பது நல்லது.

கொடுத்தால் போதாது, தொடரணும்

இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றில் தேதி, முத்திரையோடு கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஒரு மாதம் கழித்து எம்.பி. அலுவலகத்தில் "எங்க மனுவுக்குப் பரிந்துரைக் கடிதம் போயாச்சா? எந்தத் தேதி?" என்று கேளுங்கள். போயிருந்தால் அதற்குப் பிறகு கேள்வி கலெக்டர் அலுவலகத்தில்தான். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில்.

வேலை நடக்கிற இடத்தில் திட்டத்தின் பெயர், தொகை, எம்.பி. பெயர் எழுதிய பலகை இருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள். இருந்தால் அதில் போட்ட தொகையையும் நடந்த வேலையையும் ஒத்துப் பாருங்கள். நம்ம குழுக் கணக்கை மாதாமாதம் எப்படிச் சரிபார்க்கிறோமோ அதே மாதிரிதான் இதுவும்.

அழுத பிள்ளைக்குப் பால் கிடைக்கும் என்பார்கள். எதற்கு அழுகிறோம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குச் சீக்கிரம் கிடைக்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவோம்:

* நம்ம தொகுதியின் மக்களவை எம்.பி. யார்? அலுவலகம் எந்த ஊரில்?
* நம்ம ஊரில் எம்.பி. நிதியில் என்னென்ன வேலை நடந்திருக்கிறது? பலகை இருக்கிறதா?
* ஊராட்சி, எம்.எல்.ஏ., எம்.பி. - நம்ம ஊரின் மூன்று பெரிய குறைகளில் எது யாரிடம் போக வேண்டும்?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது அந்தப் புத்தகத்தைக் கையோடு கொண்டு போங்கள்.