பிரைவேட் ஜெட் பைலட்டுகளுக்கு என்ன குறை? நெட்ஜெட்ஸ் நிர்வாகம் – சங்கம் மோதலின் முழுப் பின்னணி

2015 மே மாதம், அமெரிக்காவின் ஒமாஹா நகரில் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே நிறுவன ஆண்டுக் கூட்டம் நடந்தது. உள்ளே ஆயிரக்கணக்கான பங்குதாரர்கள். வெளியே பதாகைகளோடு வரிசையாக நின்றவர்கள், சீருடை அணிந்த பைலட்டுகள். பெர்க்‌ஷயருக்குச் சொந்தமான நெட்ஜெட்ஸில் வேலை செய்பவர்கள்.

கோடீஸ்வரர்களை ஏற்றிக்கொண்டு பறக்கிறவங்களுக்கு அப்படி என்ன குறை? பிரச்சினை சம்பளம் மட்டும்தானா?

நெட்ஜெட்ஸ் எப்படி இயங்குகிறது?

ஒரு ஜெட்டை முழுசாக வாங்க எல்லாப் பணக்காரர்களாலும் முடியாது; வாங்கினாலும் பாதி நாள் சும்மா நிற்கும். அதனால் ஒரு விமானத்தைப் பல பங்காகப் பிரித்து விற்கும் முறையை 1986-ல் ரிச்சர்ட் சாண்டுலி கொண்டுவந்தார். 16-ல் ஒரு பங்கு வாங்கினால் ஆண்டுக்கு 50 மணி நேரம் பறக்கலாம். விமானம், பைலட், பராமரிப்பு எல்லாம் கம்பெனி பொறுப்பு. 1998-ல் இந்தக் கம்பெனியை பெர்க்‌ஷயர் 72.5 கோடி டாலருக்கு வாங்கியது.

ஏர்லைன் வேலைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ஏர்லைன் பைலட்டுக்கு அட்டவணை உண்டு. ஜெட் பைலட்டுக்கு வாடிக்கையாளரின் போன்தான் அட்டவணை. காலையில் ஒரு ஊர், மதியம் வேறொரு ஊர், ராத்திரி எங்கே என்பது கடைசி நேரத்தில்தான் தெரியும். ஏழு நாள் வேலை, ஏழு நாள் லீவு என்பது இத்துறையில் பரவலான முறை. வேலை நாட்களில் வீட்டுக்கே போக முடியாது. பயணிகளின் பெட்டியை ஏற்றுவது, சாப்பாடு வந்ததா என்று பார்ப்பது போன்ற வேலைகளும் பெரும்பாலும் பைலட் தலையில்தான்.

சோர்வைத் தடுக்க 2014-ல் நடைமுறைக்கு வந்த கடுமையான பணிநேர விதிகளும் பயணிகள் விமான நிறுவனங்களுக்குத்தான். ஜெட் கம்பெனிகளுக்குத் தனி விதிகள். அதனால் ஓய்வு நேரம், பணி நீளம் போன்றவற்றைச் சங்கம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது இங்கே ரொம்ப முக்கியம்.

மோதல் எங்கே தொடங்கியது?

2008 நிதி நெருக்கடியில் பணக்காரர்கள் பறப்பதைக் குறைத்தார்கள். 2009-ல் நெட்ஜெட்ஸுக்கு 71.1 கோடி டாலர் நஷ்டம். கிட்டத்தட்ட 500 பைலட்டுகள், 'வேலை வந்தால் கூப்பிடுகிறோம்' என்ற வகையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆனால் 2010-லேயே கம்பெனி 20.7 கோடி டாலர் லாபம் காட்டியது.

அடுத்த ஒப்பந்தப் பேச்சு தொடங்கியபோது நிர்வாகம் செலவைக் கட்டுப்படுத்தப் பார்த்தது. 'லாபம் வந்துவிட்டதே, எங்களிடம் ஏன் விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்கள்?' என்பது பைலட்டுகளின் கேள்வி. பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஒமாஹா போராட்டம் நடந்த அடுத்த மாதமே தலைமைச் செயல் அதிகாரி ஜோர்டான் ஹான்செல் வெளியேறினார். முன்பு அங்கே பணியாற்றிய ஆடம் ஜான்சன் திரும்பி வந்து பொறுப்பேற்றார். அதே ஆண்டில் ஒப்பந்தம் முடிந்தது.

ஸ்ட்ரைக் பண்ணிட வேண்டியதுதானே?

அது அவ்வளவு சுலபம் இல்லை. ரயில்வேக்காக 1926-ல் வந்த தொழிலாளர் சட்டம், 1936 முதல் விமானத் துறைக்கும் பொருந்தும். இதன்படி ஒப்பந்தம் ஒருநாளும் காலாவதி ஆகாது. 'திருத்தலாம்' என்ற நிலைக்கு வரும், அவ்வளவுதான். புதிய ஒப்பந்தம் வரும்வரை பழையதே தொடரும்.

பேச்சு முறிந்தால் தேசிய சமரச வாரியத்துக்குப் போக வேண்டும். 'இனி எங்களால் ஆகாது' என்று வாரியம் விடுவித்து, அதன்பின் 30 நாள் ஆறிய பிறகே ஸ்ட்ரைக். வாரியம் எப்போது விடுவிக்க வேண்டும் என்பதற்குக் கெடுவே கிடையாது. விட்டாலும் அதிபர் தலையிட்டுத் தள்ளிப்போடலாம்.

ஆக, கையில் மிஞ்சும் ஆயுதம் பொதுவெளிப் பேச்சு. லீவு நாளில் பதாகை பிடிப்பது, விளம்பரம் கொடுப்பது, வாடிக்கையாளர் காதுக்கு விஷயத்தைக் கொண்டு சேர்ப்பது.

கொரோனாவுக்குப் பிறகு என்ன மாறியது?

ஏர்லைன்களில் பைலட் பற்றாக்குறை. 2023-ல் டெல்டா பைலட்டுகள் நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு தரும் ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். 'நாங்க மட்டும் ஏன் குறைவான சம்பளத்துக்கு?' என்ற கேள்வி ஜெட் பைலட்டுகளிடம் எழுந்தது. நெட்ஜெட்ஸ் சங்கம் மறுபடி பிரசாரத்தில் இறங்கியது. 2024-ல் சம்பளத்தைக் கணிசமாக உயர்த்தும் ஒப்பந்தம் வந்தது.

அப்போ பிரச்சினை முடிஞ்சுதா?

இல்லை. 2024 ஜூன் மாதம் நெட்ஜெட்ஸ் தன் பைலட் சங்கத்தின் மீதே அவதூறு வழக்கு போட்டது. பாதுகாப்பு, பயிற்சி பற்றிச் சங்கம் பொய்யான கருத்துகளைப் பரப்பியது என்பது கம்பெனியின் குற்றச்சாட்டு. எங்கள் வாயை அடைக்கும் முயற்சி என்றது சங்கம்.

இரண்டு பக்கமும் காரணம் இருக்கிறது. 'பாதுகாப்பு இல்லை' என்ற ஒற்றை வார்த்தை போதும், ஒரு விமானக் கம்பெனியின் பெயர் கெட. பேரத்தில் அது பலமான சீட்டு. மறுபக்கம், காக்பிட்டில் உட்காருபவரைவிடக் குறையை முதலில் பார்ப்பவர் யார்? அமெரிக்காவில் பைலட்டுகள் தங்கள் தவறுகளைத் தண்டனை பயமில்லாமல் தெரிவிக்கும் திட்டங்களில் கம்பெனி, சங்கம், விமான ஆணையம் மூவரும் சேர்ந்து உட்காருகிறார்கள். அந்த மேசையில் ஓடுவது நம்பிக்கை மட்டும்தான்.

தொழில் தகராறில் பேசிய பேச்சுக்கு அங்கே கூடுதல் பாதுகாப்பும் உண்டு. பொய் என்று தெரிந்தே சொன்னார்கள், அல்லது உண்மையா என்று கொஞ்சமும் கவலைப்படாமல் சொன்னார்கள் என நிரூபித்தால்தான் அவதூறு வழக்கு நிற்கும்.

எல்லா ஜெட் கம்பெனியிலும் சங்கம் இருக்கிறதா?

போட்டிக் கம்பெனியான ஃபிளெக்ஸ்ஜெட்டின் கதை வேறு. அதன் பைலட்டுகள் 2015-ல் வாக்களித்து டீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் சேர்ந்தார்கள். சகோதர நிறுவனமான ஃபிளைட் ஆப்ஷன்ஸில் அதே சங்கம் ஏற்கெனவே இருந்தது. இரு தரப்பின் சீனியாரிட்டி பட்டியலை இணைப்பதில் தகராறு வெடித்து, கோர்ட் வரை போனது. இத்துறையில் சீனியாரிட்டி எண்தான் எல்லாம்: எந்த விமானம், எப்போது கேப்டன், ஆட்குறைப்பில் யார் முதலில் என்று எல்லாமே அதை வைத்துத்தான். 2018-ல் மறுபடி வாக்கெடுப்பு. இந்த முறை பைலட்டுகள் சங்கமே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது?

நெட்ஜெட்ஸில் சம்பளத் தகராறு இரண்டு முறையும் கையெழுத்தில் முடிந்தது. முடியாதது வேறொன்று: வேலையிடத்துக் குறையை ஊழியர் வெளியே சொன்னால் அது எச்சரிக்கையா, மிரட்டலா? ஐ.டி. ஆபீஸில் இது ஹெச்.ஆர். மீட்டிங்கோடு போய்விடலாம். விமானத்தில் அப்படி இல்லை. சொல்லத் தயங்கிய ஒரு குறையோடு அந்த விமானம் 40,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கும்.